உடம்பில் இரும்பு உண்டா?

மதுரை
17.2.2025

அண்ணனுக்கு, பானு எழுதுகிறேன்.

பதினோரு தடவை போன் அடித்தாயிற்று. பதினோராவது தடவை மதினி எடுத்து, "அவுக உங்கூடப் பேசமாட்டாகளாம் பானு. இருக்கன்குடி ஆத்தா மேல சத்தியம் பண்ணிட்டாக. நான் என்னத்தச் சொல்ல?" என்று அழுதுவிட்டார்கள். சரி. பேசமாட்டேன் என்றுதானே சத்தியம்? எழுதமாட்டேன், படிக்கமாட்டேன் என்று சொல்லவில்லையே? வாட்ஸப்பில் அனுப்பினால் முதலில் உங்கள் மகள் எழில் கண்ணில்தான் படும். அதனால் காகிதம். தனியாக உட்கார்ந்து படியுங்கள்.

எழிலுக்குப் பூ வைக்க வந்த அன்று எல்லார் முன்னாலும் நான் அப்படிக் கேட்டது தப்பு. சம்பந்தி வீட்டார் பந்தியில் இருக்கும்போது "அண்ணே, கை ஏன் இப்படி ஆடுது?" என்று கத்தியிருக்கக் கூடாது. போர்மேன் குடிக்கிறவர் போல என்று அவர்களாக நினைத்துக்கொண்டு, "யோசிச்சுச் சொல்றோம்" என்று எழுந்து போனதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை. கேட்ட இடம் தப்பு அண்ணே. கேட்டது தப்பில்லை.

நான் பார்த்ததைச் சொல்கிறேன். சும்மா இருக்கும்போது உங்கள் வலது கைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் திரி உருட்டுகிற மாதிரி உருட்டிக்கொண்டே இருக்கின்றன. நடந்தால் இடது கை வீசுகிறது, வலது கை சும்மா தொங்குகிறது. அன்றைக்குப் பாயாசம் அடிப்பிடித்துத் தெருமுனை வரைக்கும் நாறியது. அடுப்புக்குப் பக்கத்தில் நின்ற உங்களுக்கு மட்டும் தெரியவில்லை. பதினாலு வருஷமாக ஸ்கேன் மெஷின் பக்கத்தில் நிற்கிறேன். இதே கையோடு, இதே நடையோடு எத்தனை பேரைப் படுக்கவைத்துப் படம் எடுத்திருக்கிறேன்.

வேறு வேலை பார்க்கிற ஆள் என்றால் இவ்வளவு பதறமாட்டேன். நீங்கள் பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்கிற அறைக்குப் போர்மேன். அந்தக் கை ஆடினால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. மூளை டாக்டரைப் பாருங்கள். ஸ்கேனுக்கு இங்கே நான் ஏற்பாடு செய்கிறேன். அதுவரைக்கும் அந்த அறைக்குள் போகாதீர்கள். கும்பிட்டுக் கேட்கிறேன்.

பானு


அச்சங்குளம்
2.3.2025

பானுப்பிரியாவுக்கு மாரிக்கண்ணன் எழுதிக்கொள்வது.

கடிதம் வந்தது. சத்தியத்தில் ஓட்டை கண்டுபிடிக்கிற அளவுக்குப் படித்திருக்கிறாய். படிக்கவைத்தது நான்தான், குற்றம் என்னுடையதுதான். எழுதுவது பேச்சில் சேராது என்று நானும் நாலு நாள் யோசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

முப்பத்தோரு வருஷம். என் அறையில் ஒருத்தருக்கு ஒரு விரல் போனது கிடையாது. எப்படி என்று உனக்குத் தெரியும். காலையில் வாசலில் நின்று ஒவ்வொரு ஆளையும் "இரும்பு உண்டா?" என்று கேட்காமல் உள்ளே விடமாட்டேன். ஊக்கு, கொண்டை ஊசி, சாவி, எல்லாம் வெளியே டப்பாவில். இரும்பு உரசினால் பொறி, பொறி வந்தால் அறையே இல்லை. வாசலில் கேட்டால் மறைக்கக் கூடாது, அதுதான் எங்கள் கம்பெனியில் முதல் பாடம். இப்படிப்பட்டவனைப் பார்த்து நீ, உள்ளே போகாதே என்கிறாய்.

கை ஆடுவது களைப்பு. சாத்தூரில் டாக்டர் நரம்பு ஊசி போட்டிருக்கிறார். பாயாசம் நாறவில்லை என்றால் அன்றைக்கு எனக்குச் சளி. அவ்வளவுதான்.

நீ கூட்டத்தில் கேட்ட கேள்விக்கு இன்னும் நான்தான் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். டீக்கடையில் கோட்டைச்சாமி என் வாய்க்கு நேரே மூக்கை நீட்டி மோந்து பார்க்கிறான். என் ஆயுசில் கள்ளைக்கூடத் தொட்டதில்லை. வீட்டில் எழில் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. இதெல்லாம் உன் மெஷினில் தெரியுமா?

மாரிக்கண்ணன்


மதுரை
11.3.2025

அண்ணே,

நரம்பு ஊசி போட்டாராம்! எந்த நரம்பு என்று கேட்டீர்களா? கடிதத்தை மேஜையில் அடித்துவிட்டு மறுபடி எடுத்துப் படித்தேன். உங்கள் எழுத்தைப் பார்த்தீர்களா? மேலே எலுமிச்சம்பழம் அளவில் தொடங்கி, கையெழுத்துப் போடும்போது எள் அளவுக்கு வந்துவிட்டது. இதுவும் நடுக்குவாத நோயின் அடையாளம்தான். கோபத்தில் எழுதினாலும் எழுத்து சுருங்குகிறது.

மெஷினில் என்ன தெரியும் என்று கேட்டிருக்கிறீர்கள், சொல்கிறேன். மூளையில் கீழ்ப்பக்கம், தண்டு தொடங்குகிற இடத்தில் கறுப்பாக ஒரு பகுதி உண்டு. கை கால் நாம் நினைத்தபடி ஓடுவதற்கு அது வேண்டும். நல்ல ஆளைக் காந்த ஸ்கேனில் படம் எடுத்தால் அந்தக் கறுப்புக்குள் வெள்ளையாக ஒரு சின்னக் கோடு தெரியும், நம்ம ஊர்க் கரண்டுக் கம்பியில் உட்கார்ந்திருக்குமே கரிச்சான் குருவி, அதன் வால் மாதிரி இரண்டாகப் பிரிந்து. இந்த நோய் வந்தவர்களுக்குப் பெரும்பாலும் அந்த வால் தெரியாது. அங்கே இரும்பு கூடிவிடும். இரும்பு எங்கே கூடினாலும் எங்கள் படத்தில் கறுப்பாகத்தான் விழும். படத்தை மட்டும் வைத்து யாரும் தீர்ப்புச் சொல்வதில்லை, டாக்டர் கை காலைப் பார்த்துத்தான் சொல்வார். ஆனால் படம் வேண்டும்.

உங்கள் தலையிலும் இரும்பு சேர்ந்திருக்கும் என்று எனக்குப் பயமாக இருக்கிறது. வந்து படுங்கள். முப்பது நிமிஷம். ஊசி குத்து எதுவும் இல்லை.

பானு


அச்சங்குளம்
30.3.2025

பானுவுக்கு,

தலைக்குள் இரும்பு என்று எழுதிவிட்டாய். மூன்று ராத்திரி தூக்கம் போயிற்று. பிறகு, நாம் என்ன படிக்காதவனா, இரும்பைக் கண்டுபிடிக்கத் தெரியாதவனா என்று தோன்றியது.

கம்பெனியில் வெடியுப்பு மூட்டையைப் பிரித்ததும் ஆணி, கம்பித் துண்டு ஏதும் கிடக்கிறதா என்று காந்தத்தை ஓட்டிப் பார்ப்போம். கைப்பிடி போட்ட பெரிய காந்தம், உனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை அதை வீட்டுக்கு எடுத்து வந்து, நெற்றி, உச்சி, பிடரி, இரண்டு காதோரம், எல்லா இடமும் நிதானமாக ஓட்டினேன். ஒரு இழுப்புக் கிடையாது. சந்தேகத்துக்கு உன் மதினி தலையிலும் ஓட்டினேன். உடனே கப்பென்று ஒட்டியது. கொண்டை ஊசி. ஆக இந்த வீட்டில் இரும்பு இருப்பது அவள் தலையில்தான், என் தலையில் இல்லை. அவளும் சிரித்தாள். பூ வைத்த நாளுக்குப் பிறகு இப்போதுதான் சிரிக்கிறாள்.

ஆனாலும் உன் பேச்சை முழுக்கத் தள்ளவில்லை. புஸ்வாணத்துக்கு எத்தனை வருஷம் இரும்புத் தூள் சலித்திருக்கிறேன், அதில் ஒரு துளி மூச்சோடு ஏறியிருக்கலாம். அதனால் முருங்கைக்கீரையை நிறுத்திவிட்டேன். பேரீச்சம்பழம் இல்லை. இரும்புத் தோசைக்கல்லைப் பரணில் போட்டுவிட்டு ஒட்டாத கல் வாங்கியாயிற்று. தோசை வாயில் வைக்க விளங்கவில்லை. போதுமா?

மாரிக்கண்ணன்


மதுரை
8.4.2025

அண்ணே,

சிரிக்கிறதா அழுகிறதா என்று தெரியவில்லை. வேலை நேரத்தில் படித்துவிட்டேன், கூட வேலை செய்கிற பெண் என்னக்கா ஆச்சு என்று தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

ரத்தத்திலும் இரும்பு இருக்கிறது. உங்கள் காந்தத்தைக் கையில் ஓட்டிப் பாருங்கள், இழுக்காது. அதற்காக எனக்கு ரத்தமே இல்லை என்று எழுதுவீர்களா? இது ஆணி இல்லை அண்ணே, துருவும் இல்லை. கண்ணுக்குத் தெரியாமல் சதையோடு சதையாகக் கலந்து கிடக்கிற இரும்பு. உங்கள் காந்தத்தைப் போல எத்தனையோ மடங்கு பலமுள்ள காந்தம் எங்கள் மெஷின், அதுகூட அதை வெளியே இழுக்காது, நிழலாகக் காட்டும், அவ்வளவுதான். புஸ்வாணத் தூளால் வந்தது என்று யாரும் சொல்லவில்லை. பட்டாசையே பார்க்காத வாத்தியாருக்கும் வருகிறது, வக்கீலுக்கும் வருகிறது. உடம்பு தன் இரும்பையே கொண்டுபோய் வேண்டாத இடத்தில் சேர்த்துவைக்கிறது. தயவுசெய்து கீரையைத் தின்னுங்கள். தோசைக்கல்லைப் பரணிலிருந்து இறக்குங்கள். மதினி பாவம்.

ஒன்று சொல்லவா? நம் இரண்டு பேர் வேலையும் ஒன்றுதான். நானும் தினம் வாசலில் நின்று "உடம்பில் இரும்பு உண்டா?" என்று கேட்டுத்தான் உள்ளே விடுகிறேன். ஊக்கு, கொண்டை ஊசி, சாவி, எல்லாம் வெளியே டப்பாவில். வேலையில் சேர்ந்த முதல் நாள், இதை யாரும் எனக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. உங்களிடம் ஸ்கூல் லீவில் நின்று பார்த்ததுதான்.

ஏப்ரல் 26, சனிக்கிழமை காலை பத்து மணிக்கு இடம் வைத்திருக்கிறேன். வாங்க. எங்கூடப் பேச வேண்டாம்.

பானு


அச்சங்குளம்
4.5.2025

பானுவுக்கு,

உன் முகத்தில் முழிக்க மனசு வரவில்லை, அதனால் மதுரைக்கு வரவில்லை. ஆனால் சும்மாவும் இருக்கவில்லை. விருதுநகரில் சபரிநாதன் என்று மூளை டாக்டர். போய்ப் பார்த்தேன். கையைத் தட்டச் சொன்னார், நடக்கச் சொன்னார், சீட்டு எழுதிக் கொடுத்தார். அங்கேயே ஒரு ஸ்கேன் சென்டருக்குப் போனேன்.

வாசலில் ஒரு பிள்ளை அட்டையும் பேனாவுமாக நின்று கேட்டது:

"அய்யா, உடம்புக்குள்ள இரும்பு ஏதும் இருக்கா?"

"இருக்கு தாயி."

"எங்கன இருக்கு?"

"மூளையில."

"மூளையிலயா! எப்பப் போச்சு? ஆபரேசனா, ஆக்சிடென்டா?"

"அது தெரியாது. என் தங்கச்சி சொல்லிச்சு."

அந்தப் பிள்ளை பேனாவைப் போட்டுவிட்டு உள்ளே ஓடியது. பெரியவர் ஒருத்தர் வந்தார். "அய்யா, இந்தக் கோட்டைத் தாண்டாதீக, பின்னால போங்க" என்று என்னைத் தெரு வரைக்கும் கொண்டுவந்து விட்டுவிட்டார். தலைக்கு எக்ஸ்ரே வேண்டுமாம், ஆபரேசன் செய்த டாக்டர் கடிதம் வேண்டுமாம், மெஷினுக்குள் போனால் இரும்பு நகர்ந்து நான் செத்துப்போவேனாம். உட்கார்ந்திருந்த சனம் பூராவும் என் தலையைப் பார்த்தது.

வாசலில் கேட்டால் மறைக்கக் கூடாது. நான் மறைக்கவில்லை. இது தப்பா? உண்மையைச் சொன்னால் உள்ளே விடமாட்டார்கள், பொய் சொன்னால்தான் விடுவார்களா? என்ன படிப்புப் படித்துவிட்டு என்ன கேள்வி கேட்கிறீர்கள் நீங்களெல்லாம்?

சீசன் தொடங்கிவிட்டது. வடக்கிலிருந்து ஆர்டர் வந்து குவிகிறது. இனி எதுவானாலும் தீபாவளி முடிந்துதான்.

மாரிக்கண்ணன்


மதுரை
12.5.2025

அண்ணே,

முதலில் சிரித்தேன். பொய் சொல்லமாட்டேன், விழுந்து விழுந்து சிரித்தேன். பிறகு தலையில் அடித்துக்கொண்டேன். அது உள்ளே போன இரும்பைப் பற்றிய கேள்வி. ஆணி, குண்டூசி, கம்பி, ஆபரேசனில் வைத்த தகடு, கண்ணில் தெறித்த துண்டு. உடம்பு தானாகச் சேர்த்தது அதில் வராது. எல்லாருக்கும் சேர்த்துத்தான் கேட்கிறோம் என்பதால் இதை நாங்களும் விளக்கிச் சொல்வதில்லை. உங்களைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. தங்கச்சி சொன்னாள் என்று தெருவில் நின்றீர்களே, அதற்கு நான்தான் காரணம்.

ஆனால் கடைசி வரி. தீபாவளி முடிந்துதானா? ஐந்து மாதமா?

ஈரம் பட்ட மருந்து சூடேறும், சூடேறும் முன்னால் நாறும், மூக்குதான் போர்மேனுக்கு முதல் ஆயுதம் என்று எனக்குச் சொன்னது யார்? இன்றைக்கு அது நாறினால் உங்களுக்குத் தெரியுமா? நெஞ்சில் கை வைத்துச் சொல்லுங்கள். உங்கள் அறையில் நாலு பேர். பஞ்சம்மாள் அக்காவுக்கு மூணு பிள்ளைகள். சங்கையாவுக்குப் போன வருஷம்தான் கல்யாணம் ஆயிற்று.

ஜூன் ஒன்றாம் தேதிக்குள் நீங்களாக அந்த அறையை விட்டு வெளியே வாருங்கள். வராவிட்டால் நானே கம்பெனி மேனேஜருக்கு எழுதுவேன். போர்மேனுக்குக் கை ஆடுகிறது, வாசம் தெரியவில்லை என்று எழுதுவேன். நிசமாக எழுதுவேன்.

பானு


அச்சங்குளம்
20.5.2025

எழுது. ஒரு தடவை பந்தியில் வைத்து மானத்தை வாங்கினாய், இப்போது வயிற்றிலும் அடி. உனக்கு அண்ணன் என்று ஒருத்தன் இருந்தான் என்பதையும் அதிலேயே எழுதி முடித்துவிடு. எனக்கு இனிக் கடிதம் வேண்டாம்.

மாரிக்கண்ணன்


அச்சங்குளம்
10.6.2025

பானு,

கடிதம் வேண்டாம் என்று சொன்னவனே எழுதுகிறேன். எழுத்து உனக்கு விளங்குமோ என்னவோ. இரண்டு நாளாக எழுதுகிறேன்.

வியாழக்கிழமை சாயங்காலம் மழை. கூரையில் எங்கோ ஒழுகியிருக்கிறது, அலுமினியத் தூள் போட்ட கலவையில் மீதி கொஞ்சம் தட்டில் இருந்திருக்கிறது. சாயங்காலம் தட்டைக் கழுவிக் காட்டச் சொல்லிவிட்டுத்தான் பூட்டுவேன். அன்றைக்கு மறந்துவிட்டேன். மறுநாள் காலையில் பஞ்சம்மாள், "போர்மேன், மருந்து நாறுது. மூத்திரச் சந்து மாதிரி நெடி வருது" என்றாள். நான் தட்டுக்கு மேலே குனிந்து மோந்து பார்த்தேன். ஒன்றுமே இல்லை பானு. வெறும் காற்று. "மூக்கத் தொடச்சிட்டு வேலையப் பாரு" என்றேன்.

அவள் கேட்கவில்லை. முப்பத்தோரு வருஷத்தில் என் பேச்சை ஒருத்தர் மீறியது அதுதான் முதல் தடவை. "ஏலே, ஓடுங்கலே!" என்று கத்திக்கொண்டே எல்லாரையும் நெட்டித் தள்ளினாள். எல்லாரும் ஓடினார்கள். நான் ஓடவில்லை. நாறவில்லையே என்ற வீம்பு என்று முதலில் நினைத்தேன். இல்லை. ஓடத்தான் நினைத்தேன், கால் தரையோடு ஒட்டிக்கொண்டது. சங்கையா திரும்பி வந்து சட்டையைப் பிடித்து இழுத்தான். நாங்கள் வேப்பமரத்துக்குப் போய்ச் சேருமுன் அறை போய்விட்டது. கூரை முழுக்க. ஆளுக்கு ஒன்றுமில்லை. சங்கையாவுக்கு முழங்கையில் சிராய்ப்பு.

நீ கம்பெனிக்கு எழுதியிருந்தால் நான் அன்றைக்கு அங்கே நின்றிருக்கமாட்டேன். நீ எழுதவில்லை என்று மேனேஜர் பேச்சிலிருந்தே தெரிந்தது. ஏன் எழுதவில்லை?

விசாரணைக்கு வந்த ஆபீசர் கம்பெனி வாசலிலேயே நிறுத்தி, "உங்களுக்கு உடம்புக்கு ஏதும் உண்டா?" என்று கேட்டார். மேனேஜர் என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். உண்டு என்றேன். கை ஆடும், வாசம் தெரியாது, இரண்டும் உண்டு என்றேன். சாவியை சங்கையாவிடம் கொடுத்துவிட்டேன்.

ஸ்கேனுக்கு வருகிறேன். பேசமாட்டேன்.

மாரிக்கண்ணன்


மதுரை
30.6.2025

அண்ணே,

ஏன் எழுதவில்லை என்று கேட்டிருந்தீர்கள். எழுதினேன். உறையில் போட்டு, ஒட்டி, ஜூன் இரண்டாம் தேதியிலிருந்து பையிலேயே வைத்துக்கொண்டு தபால் பெட்டியைத் தினம் தாண்டிப் போனேன். அண்ணன் என்று ஒருத்தன் இருந்தான் என்று எழுதியிருந்தீர்களே, அந்த வரிக்குப் பயந்துவிட்டேன். பஞ்சம்மாள் அக்காவும் என்னைப்போலப் பயந்திருந்தால் நாலு வீட்டில் இழவு. இதை நான் யாரிடம் போய்ச் சொல்வேன்? உங்களிடம்தான் சொல்ல முடிகிறது.

சனிக்கிழமை ஸ்கேன் முடிந்ததும் நீங்கள் பஸ் ஏறிவிட்டீர்கள். ரிப்போர்ட்டை இத்துடன் வைத்திருக்கிறேன். வால் தெரியவில்லை அண்ணே. இரண்டு பக்கமும் இல்லை. இடது பக்கம் இன்னும் கறுப்பு. உங்களுக்கு வலது கை ஆடுகிறதே, மூளையில் அதற்கு இடது பக்கம்தான் கணக்கு. மற்றவர்கள் படத்தில் இதைப் பார்த்தால் நம்பர் போட்டுவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுவேன். அன்றைக்கு அடுத்த ஆளைக் கால் மணி நேரம் வெளியே உட்காரவைத்துவிட்டேன்.

சபரிநாதன் டாக்டர் எழுதுகிற மாத்திரையை நேரம் தவறாமல் சாப்பிடுங்கள். ஈரம் பட்ட மருந்து மாதிரி இந்த மருந்திலும் விளையாட்டுக் கூடாது. கை கால் இலகுவாகும், நோய் போகாது. அந்த இரும்பை எடுக்க மருந்து இல்லையா என்று மதினி கேட்டார்கள். வெளிநாட்டில் இரும்பை இழுத்து எடுக்கிற மாத்திரையைக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். இரும்பு குறைந்திருக்கிறது, ஆட்களுக்கு நடையும் கையும் இன்னும் மோசமாகியிருக்கிறது. இரும்பு சேர்வதால் நோயா, நோய் வருவதால் இரும்பா என்றே இன்னும் அடித்துச் சொல்ல முடியவில்லையாம். எனக்கு எரிச்சலாக வருகிறது. இத்தனை பெரிய காந்தத்தை வைத்துக்கொண்டு, இதோ இருக்கிறது பார் என்று காட்டத்தான் முடிகிறது. யாராவது இரும்பை இறக்குகிறேன் என்று இலை, வேர் விற்றால் வாங்கித் தொலைக்காதீர்கள்.

வாசலில் நான் "உடம்பில் இரும்பு உண்டா?" என்று கேட்டபோது என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றீர்கள். பிறகு இல்லை என்று தலையை ஆட்டினீர்கள். பொய் சொல்கிற மாதிரி முகம் உங்களுக்கு.

உள்ளே படுத்தபின், அமுக்கினால் எங்கள் பக்கம் மணி அடிக்கிற ரப்பர் பந்து ஒன்றைக் கையில் கொடுத்தேன் இல்லையா? மைக்கில் சொன்னேன், "ஆமாம்னா ஒருக்க அமுக்குங்க, இல்லைன்னா ரெண்டு தடவ." கேக்குதாண்ணே என்றேன், ஒரு தடவை மணி அடித்தது. பயமா இருக்கா என்றேன், ஒரு தடவை அடித்தது. உங்களுக்குப் பயம் உண்டு என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். அப்புறம், வேலை நேரத்தில் கேட்கக் கூடாத ஒன்றைக் கேட்டேன். எம்மேல இன்னும் கோவமாண்ணே?

மணியே அடிக்கவில்லை. ஒரு தடவையும் இல்லை, இரண்டு தடவையும் இல்லை. மெஷின் சத்தம் மட்டும்தான்.

பானு


அச்சங்குளம்
5.9.2025

பானு,

மாத்திரை கொஞ்சம் கேட்கிறது. சட்டைப் பொத்தானை நானே போடுகிறேன். எழுத்துதான் எறும்பு மாதிரி ஊர்கிறது, இந்தக் கடிதத்துக்கு நாலு நாள். அடுத்தது எழுத முடியுமா தெரியவில்லை. கம்பெனியில் கேட் பக்கம் ஸ்டூல் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். இரும்பு உண்டா என்று கேட்கிற வேலை மட்டும். எழுத்து மாதிரிக் குரலும் சுருங்கிவிட்டது, நான் கேட்பது அவர்களுக்குக் கேட்பதில்லை, பஞ்சம்மாள் எனக்குப் பதிலாகக் கத்துகிறாள்.

சம்பந்தி வீட்டுக்கு நானே போனேன். ரிப்போர்ட்டைக் கையில் கொடுத்து, குடி இல்லை, இதுதான் என்றேன். தை மாதம் பார்க்கலாம் என்றார்கள். எழில் இப்போது முகம் கொடுக்கிறாள்.

ஆடிக் கூட்டம் கலையட்டும் என்று இருந்து, சத்தியத்தை இறக்கிவைக்க இருக்கன்குடி போனேன். ஆத்தா முன்னால் நின்று, பேசமாட்டேன்னு சொன்னது தப்பு, மன்னாப்புக் குடு என்று வாயைத் திறந்தேன். பூசாரி காதைக் கிட்டக் கொண்டுவந்து, "என்னய்யா சொல்றீக? சத்தமாச் சொல்லுங்க" என்கிறார். மூன்று தடவை சொன்னேன். மூன்று தடவையும் அவருக்குக் கேட்கவில்லை. ஆத்தாவுக்குக் கேட்டிருக்கும். பேசமாட்டேன் என்று ஏழு மாதம் நான் அடக்கினேன். இப்போது பேசுகிறேன் என்றால் குரல் வரமாட்டேன் என்கிறது. யார் மேல் எரிச்சல்படுவது என்றே தெரியவில்லை.

மெஷினுக்குள் நீ மூன்றாவதாகக் கேட்டாயே, அதற்கு இரண்டு தடவை அமுக்கத்தான் நினைத்தேன். முழுப் பலத்தையும் போட்டேன். கை கேட்கவில்லை தாயி. வேறொன்றும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு நானே உனக்குப் போன் போடுவேன். சத்தம் வரவில்லை என்றால் ஆள் இல்லை என்று நினைத்து வைத்துவிடாதே. பேசிக்கொண்டுதான் இருப்பேன்.

அண்ணன்